பின்வாசல் கூடை

எங்கள் ஓட்டலின் பின்வாசலில் போன மாதம் ஒரு எந்திரம் வைத்தார்கள். விமான நிலையத்தில் இருக்குமே, பையை ஒரு பக்கம் போட்டால் உள்ளே இருப்பதையெல்லாம் படமாகக் காட்டி மறுபக்கம் தள்ளும், அதுதான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் இனித் தங்கள் பைகளை அதில் போட்டு எடுக்க வேண்டும். ஓய்வு பெற்று வீட்டில் கிடந்த என்னை அந்த விசேஷத்துக்காக வண்டி அனுப்பிக் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த காவலர்களுக்கு நான் பழைய அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டுமாம்.

"கூடை கதை சொல்லுங்க ஊலே, அதத்தான் எல்லாரும் கேக்குறாங்க" என்றான் காவலர் தலைவன். இங்கே பர்மாவில் வயதானவர்களை மாமா என்பதுபோல ஊலே என்பார்கள். எந்திரம் வருவதற்கு முன்பே வெறும் கையால் திருட்டைக் கண்டுபிடித்த மனிதன் என்று என்னைப் பற்றி அவர்களுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். எப்போதும் சொல்வது போலவே அன்றும் சொன்னேன். கை தட்டினார்கள். கேக் கொடுத்தார்கள். நான் அங்கே சொன்னது பாதிதான். மீதியை எழுதி வைத்துவிடுகிறேன்.

ரங்கூன் ஆற்றை ஒட்டி வெள்ளைக்காரன் கட்டிய ஓட்டல் அது. பெயர் வேண்டாம். தேக்குப் படிக்கட்டு, ஆள் படுத்துக் குளிக்கிற பீங்கான் தொட்டி, காலையில் கண் விழிக்கும்போதே கட்டிலுக்கு வருகிற தேநீர் என்று பழைய வழக்கம் எதையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த இடம். இரவில் கதவுக்கு வெளியே செருப்பை விட்டால் காலையில் பளபளப்பாக அதே இடத்தில் இருக்கும். இங்கிலாந்திலிருந்து வருகிறவர்கள் தங்கள் ஊரில்கூட இதெல்லாம் இப்போது கிடையாது என்று சொல்லிச் சந்தோஷப்படுவார்கள். நான் அங்கே இருபது வயதில் பெட்டி தூக்கச் சேர்ந்து, தலைமைப் போர்ட்டராக ஓய்வு பெற்றேன். இடைப்பட்ட வருடங்களில் முதுகு கூனியது, ஆங்கிலம் கொஞ்சம் வந்தது. மற்றபடி சொல்வதற்கு ஒன்றுமில்லை.

கற்றுக்கொண்டதெல்லாம் ஹமீது பாயிடம். எனக்கு முன்னால் தலைமைப் போர்ட்டராக இருந்தவர். அவருடைய பாட்டனார் காலத்தில் நாகூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். வெள்ளைக் கோட்டில் ஆறு பித்தளைப் பொத்தான். ஆறையும் தினமும் சாம்பல் போட்டுத் தேய்ப்பார். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் யாரையும் நம்பியதில்லை. லார்டு வந்தாலும் சரி, பாதிரியார் வந்தாலும் சரி, வண்டியிலிருந்து இறங்கும் பெட்டியைத் தானே ஒரு முறை தூக்கிப் பார்ப்பார். அரை அடி உயரம், ஒரு மூச்சு நேரம், அவ்வளவுதான். அந்த விருந்தாளி ஊருக்குப் போகும்போது அதே பெட்டியை அதே மாதிரி மறுபடி தூக்குவார். வந்ததைவிடக் கனத்தால் மாடிக்கு ஒரு சைகை போகும். மாடியில் இருப்பவன் வெள்ளிச் சாமான்களையும் துவாலைகளையும் எண்ணி முடிக்கும்வரை வண்டி கிளம்பாது. டயரில் காற்று இல்லை என்பார், டிரைவர் பெட்ரோல் போடப் போயிருக்கிறான் என்பார், அதற்குள் விருந்தாளிக்கு ஒரு தேநீர் வந்துவிடும்.

"தம்பி, ஆளு பேசுறதக் கேக்காத. பொட்டி வரும்போது என்ன சொல்லுது, போகும்போது என்ன சொல்லுது, அத மட்டும் கேளு" என்பார்.

ஒரு தடவை இங்கிலாந்துக்காரத் தம்பதி ஒன்று கிளம்பியது. அந்த அம்மாளின் பெட்டியைத் தூக்கியதுமே பாயின் புருவம் ஏறியது. மாடியில் எண்ணினால் ஒரு வெள்ளித் தேநீர்க் கெண்டி இல்லை. எனக்கு ஒரே குதூகலம், மாட்டினாள் என்று. பாய் நேராக அவளிடம் போய்க் குனிந்து, எங்கள் மாடி ஆள் ஒரு முட்டாள், உங்கள் சாமான்களை அடுக்கும்போது ஓட்டல் கெண்டியையும் சேர்த்து உள்ளே வைத்துவிட்டான், தயவுசெய்து அவனை மன்னிக்க வேண்டும் என்றார். அந்த அம்மாளின் முகம் தக்காளி மாதிரி ஆனது. கெண்டி வந்தது. வண்டியும் போனது. அடுத்த வருடம் அதே தம்பதி அதே அறைக்கு வந்தார்கள். அந்த வருடம் பெட்டி வந்த கனத்திலேயே திரும்பியது.

பாயிடமிருந்து தூக்கிப் பார்ப்பதை நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். கால் கிலோ வித்தியாசம்கூட என் கைக்குத் தெரியும். குனிந்து பேசுவதைக் கற்றுக்கொள்ளவில்லை. அது பயந்த சுபாவம் என்று அப்போது நினைத்தேன்.

பாய் காலமாகி, நான் தலைமைப் போர்ட்டரான பிறகு நடந்தது கூடை விஷயம். மிஸ்டர் கிரெய்க் என்று ஒரு வயதான இங்கிலாந்துக்காரர் ஆண்டுக்கு இரண்டு முறை வருவார். இடுப்பு வலிக்காரர், நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வார். தோசைக்குச் சட்னி போல வறுத்த ரொட்டிக்கு ஆரஞ்சு ஜாம் இல்லாமல் அவருக்கு விடியாது. பெட்டிகளையெல்லாம் எங்களிடம் தந்துவிடுவார். நீல நிறப் பை ஒன்றை மட்டும் தர மாட்டார். எந்தப் பையை ஒருவன் கையை விட்டு விட மாட்டேன் என்கிறானோ, அந்தப் பை மேல்தான் போர்ட்டருக்குக் கண் போகும். எனக்கு மூன்று வருடமாக அந்தப் பை மேல் கண்.

அந்தக் கோடையில் வண்டியிலிருந்து இறங்கும்போது அவருக்குக் கால் தடுக்கியது. தாங்கிப் பிடிக்கிற சாக்கில் பையை வாங்கிவிட்டேன். நல்ல கனம். அடிப்பக்கம் சில்லென்று இருந்தது. நான் மூச்சு விடுவதற்குள் திரும்ப வாங்கிக்கொண்டார், "தாங்க்யூ, முத்து" என்று சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று முழுவதும் அறையை விட்டு அவர் இறங்கவில்லை. பார்க்க யாரும் வரவில்லை. ஆனால் நாலு தடவை ஐஸ் கேட்டார். குடிக்காத மனிதனுக்கு எதற்கு ஐஸ்? மறுநாள் மதியம் படகில் த்வாண்டே போய் மண்பாண்டம் செய்வதைப் பார்த்துவிட்டு அங்கேயே இரண்டு இரவு தங்கி வருவதாகச் சொன்னார். அறை அவர் பெயரிலேயே இருக்கட்டும் என்றார். கைப்பையை எடுத்து வர நானே மாடிக்குப் போனேன். நாற்காலியில் நீலப் பை இருந்தது. அவர் குளியலறையில் இருந்த நேரத்தில் தூக்கினேன். காலி.

என் புத்தி அப்போது என்ன வேகத்தில் ஓடியது என்பதை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கனம் முன்வாசல் வழியாக வந்தது. முன்வாசல் வழியாகப் போகவில்லை. அப்படியானால் பின்வாசல்தான். அப்படியானால் எங்கள் ஆள் யாரோ ஒருவர். ஐஸ் கொண்டுபோன பையன் கதவோடு திரும்பிவிட்டான், அந்த அறைக்குள் போய் வந்தவள் டோ மியா சேன் மட்டும்தான்.

மியா, மரியாதையாகச் சொன்னால் டோ மியா, எங்கள் துணி அறையின் பொறுப்பாளி. போர்வை, துவாலை, மேசை விரிப்பு எல்லாம் அவள் கணக்கு. பெயர் பர்மியப் பெயர், கட்டுவது பர்மிய உடை, பேசுவது பர்மியம். ஆனால் வீட்டில் மாரியாயி. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இப்படித்தான், ஓட்டலுக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர். பதினைந்து வருடத்தில் என்னிடம் அவள் தமிழில் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னைப் பர்மிய மரியாதையோடு கோ முத்து என்றுதான் கூப்பிடுவாள்.

மதிய வேலை முடிந்து ஆட்கள் வெளியே போகும்போது தலைமைப் போர்ட்டர் பின்வாசலில் நிற்க வேண்டும் என்பது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. காவலர்கள் இரண்டு பேர் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். டோ மியாவின் பிரம்புக் கூடையை மட்டும் அவர்கள் தொட்டதே இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. காரணம், கூடையின் மேலே எப்போதும் அவள் கட்டி அவிழ்த்த தமெய்ன் சுருட்டிக் கிடக்கும். தமெய்ன் என்பது பெண்கள் இடுப்பில் கட்டும் கைலி. பெண் கட்டிய தமெய்னைத் தொட்டால் ஆணின் மகிமை போய்விடும் என்று இங்கே பர்மிய ஆண்களுக்கு நம்பிக்கை. கொடியில் காய்கிற தமெய்னுக்குக் கீழேகூட நடக்க மாட்டார்கள். அந்தக் காவலர்கள் இரண்டு பேரும் பர்மியர். கூடையை எட்டிப் பார்த்து, முகத்தைத் திருப்பி, போ என்று தலையாட்டுவார்கள். நானோ தமிழன். எனக்கென்ன?

"டோ மியா, கூடையக் கீழ வைங்க" என்றேன் பர்மியத்தில்.

அவள் வைத்தாள். கைப்பிடியை விடவில்லை. நான் கையை நீட்டியதும் சட்டென்று தமிழில் சொன்னாள், "அண்ணே, வேணாம்ண்ணே. இங்க வச்சு எடுக்காதீங்க. சாயங்காலம் ஒங்க வூட்டுக்கே வந்து எல்லாம் சொல்றேன்."

பதினைந்து வருடம் வராத தமிழ் இப்போது எங்கிருந்து வந்தது? காவலர்களுக்குப் புரியக் கூடாது என்றுதானே? கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளே துள்ளியது. அவள் என்னை அண்ணே என்று கூப்பிட்டது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. தமெய்னைத் தூக்கி எறிந்தேன். காவலர் ஒருவன் "ஐயோ" என்று பின்னால் போனான். அடியில் ஓட்டல் துவாலை ஒன்று, ஈரமாக. அதற்குள் ஐஸ். ஐஸுக்கு நடுவே பிளாஸ்டிக் பையில் சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணாடிக் குப்பி, உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ.

"இது என்ன?"

"சக்கர வியாதி மருந்துண்ணே. ஊசி மருந்து. நாலு புள்ளைங்களுக்கு. ஒண்ணு என் தங்கச்சி மவ. அந்தப் பெரியவருதான் அவங்க ஊர்லேர்ந்து கொண்டாந்து குடுக்குறாரு. கடையில கெடைக்கலண்ணே, ஒங்களுக்கே தெரியுமே."

பொய் சொல்கிறவர்கள்தான் இவ்வளவு தயாராகப் பதில் வைத்திருப்பார்கள் என்று எண்ணினேன். பிள்ளைகளுக்கு மருந்து என்றால் ஏன் ஒளிக்க வேண்டும்? வெளியிலிருந்து வரும் எதற்கும் ஆயிரம் கேள்வி கேட்கிற காலம் அது, விருந்தாளியிடம் ஆட்கள் எதையும் வாங்கக் கூடாது என்பது ஓட்டல் சட்டம், ஒளிக்காமல் என்ன செய்வாள் என்று இன்று எனக்குத் தெரிகிறது. அன்று போதைச் சரக்கு என்றே முடிவு கட்டினேன்.

பிடிபட்ட பொருளைத் துணியில் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, மேனேஜர் பார்க்கும்வரை காவலர் அறை இரும்பு அலமாரியில் பூட்ட வேண்டும். மேனேஜர் மாந்தலேயில் இருந்தார், வர மூன்று நாள் ஆகும். நான் முடிச்சுப் போடும்போது டோ மியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன வேணும்னாலும் செய்யுங்கண்ணே. போலீசுக்குக் குடுங்க, என்னைய வேலைய வுட்டு எடுங்க. அத மட்டும் சமையக்கட்டு ஐஸ்பொட்டியில வையுங்க. சூட்டுல கெட்டுடும்."

அந்த ஒரு பேச்சைத்தான் நான் தினமும் கேட்கிறேன். அப்போது அதைக் கேட்டதும் எனக்கு மூக்கில் வியர்த்தது. சமையல்கட்டில் இவளுக்கு ஒரு கூட்டாளி இருக்கிறான், அங்கே போனால் இரவோடு இரவாகச் சரக்கை மாற்றிவிடுவான், அதற்குத்தான் இந்த அழுகை. அப்படி யோசித்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். அந்த அலமாரி ஜெனரேட்டர் அறைச் சுவரை ஒட்டியது. கோடைக்காலம், மின்சாரம் பாதி நாள் இல்லை, ஜெனரேட்டர் ஓயாமல் ஓடியது. அந்தச் சுவரில் கை வைக்க முடியாது.

மறுநாள் காலையில் டோ மியா எதிர்ச் சாரியில் வந்து நின்றாள். அவளை ஓட்டலுக்குள் விடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். தொலைபேசியில் மிஸ்டர் கிரெய்க்கைக் கேட்டாளாம். ஆட்களுக்கு விருந்தாளி அறை இணைப்புத் தருவதில்லை என்று வைத்துவிட்டார்கள். அவரோ த்வாண்டேயில். வெயிலில் மதியம்வரை நின்றாள். நான் முன்வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் வந்து அவளைச் சந்திக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க. யாரும் வரவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் மிஸ்டர் கிரெய்க்கும் மேனேஜரும் ஒரே காலையில் வந்து சேர்ந்தார்கள். துணி அறையில் டோ மியா இல்லை என்றதும் கிரெய்க் நேராக மேனேஜர் அறைக்கு நடந்தார், கைத்தடியைக்கூட எடுக்காமல். என்னைக் கூப்பிட்டார்கள். முத்திரையை உடைத்தேன். துவாலை காய்ந்து விறைத்திருந்தது. அவர் ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பால் திரிந்தது போல உள்ளே திப்பித் திப்பியாக ஏதோ மிதந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், ஒன்றாவது தேறுமா என்று.

"இது குளிரில் இருக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சொன்னாள் சார்" என்றேன்.

அவர் திட்டியிருக்கலாம். அவருடைய பேத்திக்கும் இதே நோய் என்பதும், துணி அறையில் டோ மியா அழுவதை ஒரு நாள் பார்த்துவிட்டு அவராகவேதான் இதைத் தொடங்கினார் என்பதும் மேனேஜரிடம் அவர் சொன்னதிலிருந்து எனக்குத் தெரிந்தது. நாலு பிள்ளைகளுக்கு நாலு மாதத்து மருந்து. அன்று மாலையே கிளம்பினார். வண்டியில் ஏறும்போது நீலப் பையை முதன்முறையாக அவராகவே என்னிடம் நீட்டினார். வாங்கி உள்ளே வைத்தேன். அதன் பிறகு அவர் எங்கள் ஓட்டலுக்கு வரவில்லை.

மருந்து விஷயத்தை மேனேஜர் வெளியே விடவில்லை. வம்பு வேண்டாம் என்று குப்பிகளைக் கழிவில் கொட்டச் சொன்னார். ஆனால் ஓட்டல் துவாலை வெளியே போனது குற்றம் குற்றம்தான் என்று டோ மியாவை வேலையை விட்டு நீக்கினார். நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். துவாலையை நான்தான் இரவல் கொடுத்தேன் என்று ஒரு பொய் சொன்னால் போதும், என் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருந்தது. பாயாக இருந்தால் அதைப் பின்வாசலிலேயே சொல்லியிருப்பார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அடுத்த மாதம் எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள், கண்ணாடி போட்டு. என் மனைவி அதைக் கூடத்தில் மாட்டினாள். காரணம் கேட்டபோது கதையைச் சொன்னேன், பாதிக் கதையை.

ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று துணி அறையில் பேச்சு வந்தது. நாலு பேரும் நாங்கள் குடியிருக்கும் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டைப் பிள்ளைகள்தான் என்றும் சொன்னார்கள். எந்தப் பிள்ளை, எந்தத் தெரு என்று கேட்டேன். நான் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. நான் எந்த வாசலில் நுழைந்தாலும் அப்படித்தான் ஆனது. எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரும் நேரத்தில் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். மெலிந்த பிள்ளை எது, நேற்று வந்து இன்று வராத பிள்ளை எது என்று. தாய்மார்கள் என்னைப் பார்த்ததும் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாகப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எந்திர விசேஷத்துக்குப் போய் வந்த மறுநாள் பஸ் ஏறித் தின்கன்ஜூன் போனேன். டோ மியா அங்கே தன் வீட்டிலேயே துணி தேய்த்துக் கொடுக்கிறாள் என்று தெரியும். மின்சாரம் இல்லாததால் கரிப்பெட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் கரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். உட்காரச் சொன்னாள். தேநீர் வாங்கி வந்து கொடுத்தாள். நான் யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துவிட்டது.

"மாரியாயி, நான் பண்ணுனது பெரிய பாவம்" என்றேன்.

"அது போச்சுண்ணே. டீயக் குடிங்க."

"அந்த நாலு புள்ளைங்களும் நல்லா இருக்காங்களா? ஆஸ்பத்திரிக்குப் போன புள்ள என்ன ஆச்சு? ஒன் தங்கச்சி மவளா அது?"

அவள் தேய்த்த சட்டையை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"எதுக்குண்ணே கேக்குறீங்க?"

"தெரிஞ்சுக்கத்தான்."

"இப்ப மருந்து எப்புடி வருதுன்னு தெரிஞ்சுக்கவா?"

சொல்லி முடித்ததும் அவள் முகம் வெளுத்துப்போனது. மருந்து இப்போதும் வருகிறது என்பதை என்னிடமே சொல்லிவிட்டாள். யாரோ கொண்டுவருகிறார்கள், யாரோ வாங்குகிறார்கள், ஏதோ ஒரு பிள்ளையாவது அதைப் போட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறது. எனக்கு நெஞ்சு நிறைந்து அழுகை வந்தது. அவளோ எழுந்து தெருப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நாற்பது வருடத்தில் என்னிடம் எத்தனையோ பேர் சத்தியம் செய்திருக்கிறார்கள், ஒருவரையும் நான் நம்பியதில்லை. அவள் மட்டும் என்னை எதற்கு நம்ப வேண்டும்? தேநீரை முடித்துவிட்டு எழுந்தேன்.

"போய்ட்டு வாங்கண்ணே" என்று வாசல்வரை வந்தாள். பஸ் நிறுத்தம் தெருக்கோடியில். பாதி தூரம் போய்த் திரும்பினேன், வாசலிலேயே நின்றிருந்தாள். கையை உயர்த்தினேன். அவள் உயர்த்தவில்லை. நான் வழியில் எந்த வீட்டிலாவது நுழைகிறேனா, யாரிடமாவது நின்று பேசுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தேன், அது நகரும்வரை அவள் உள்ளே போகவில்லை.